உண்டியலும் சுட்டெண்ணும்: மத்திய வங்கியின் வெளிப்படைத்தன்மையும் யாழ்ப்பாணக் குடாநாடும் (1884–2024)

1. ஒரு சொல், இரண்டு பொருள்

இலங்கை மத்திய வங்கியின் தமிழ் வெளியீடுகளைப் புரட்டுபவர் 'உண்டியல்' என்ற சொல்லை அடிக்கடி காண்பார். அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்காக விற்கும் பத்திரத்துக்கு அங்கே 'திறைசேரி உண்டியல்' என்று பெயர். யாழ்ப்பாணத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. சுவிசிலோ கனடாவிலோ இருக்கும் மகன் அங்குள்ள ஒருவரிடம் பணத்தைக் கொடுக்கிறான். இங்கே இன்னொருவர் வீட்டுப் படலையடிக்கு வந்து ரூபாவாக எண்ணிக் கொடுக்கிறார். அது 'உண்டியல் காசு'.

இந்த இரண்டு உண்டியலுக்கும் தொடர்பில்லை என்றே பலரும் நினைத்திருந்தனர். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் அந்தத் தொடர்பு வெளிப்பட்டது. மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கிக் குவித்தது. ரூபாவின் உண்மையான மதிப்பு இறங்கியது. அறிவிக்கப்பட்ட நாணயமாற்று வீதமோ அசையாமல் நின்றது. அதனால் வெளிநாட்டுப் பணம் வங்கிகளை விட்டுப் படலையடி உண்டியலுக்குப் போனது.

நாணயக் கொள்கை பற்றி மத்திய வங்கி என்ன சொன்னது, எவ்வளவு சொன்னது, யாரை எண்ணிச் சொன்னது என்ற கேள்விகளைக் குடாநாட்டின் அனுபவத்தை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வெளிப்படைத்தன்மைக்கு இரண்டு பாதிகள் உண்டு. வங்கி தன் முடிவையும் அதற்கான காரணத்தையும் மக்களுக்குச் சொல்வது ஒரு பாதி. அந்த முடிவு தொடும் மக்களின் விலைவாசியையும் கடனையும் தன் கணக்கில் சேர்ப்பது மறு பாதி. முதற் பாதி கடந்த எழுபது ஆண்டுகளில், தடங்கல்களோடு என்றாலும், வளர்ந்திருக்கிறது. மறு பாதி குடாநாட்டைப் பொறுத்தவரை இன்னும் நிறைவடையவில்லை.

2. விதியே விளக்கமாக இருந்த காலம்: 1884–1950

கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்தபோது அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் முறிந்தது. நாட்டில் புழங்கிய தாள்களில் பெரும்பகுதி அந்த வங்கி வெளியிட்டவை. அதே ஆண்டு வந்த காகித நாணயக் கட்டளைச் சட்டத்தின்படி நாணயத்தாள் வெளியிடும் அதிகாரம் அரசாங்க ஆணையாளர்களுக்கு மாறியது. இலங்கை ரூபா இந்திய ரூபாவோடு இணைக்கப்பட்டது. வெளியே இருப்பு கூடினால் உள்ளே தாள் கூடும். இருப்பு குறைந்தால் தாளும் குறையும்.

நாணயச் சபை முறை எனப்படும் இந்த முறையில் கொள்கை என்று தனியாக ஒன்று இல்லை. எனவே விளக்கம் சொல்லவேண்டிய தேவையும் எழவில்லை. விதியை அறிந்தவர் விளைவையும் அறிவார். திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றிய யாழ்ப்பாண வணிகருக்கு நாணயமாற்று என்ற கவலை இருக்கவில்லை. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் வேலைபார்த்தவர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் அந்நாளில் குடாநாட்டுக் கல்வீடுகளை எழுப்பியது. யாழ்ப்பாணத்துக்கு 'மணியோடர் பொருளாதாரம்' என்ற பெயர் வந்ததும் அப்படித்தான். வெளியூர்ச் சம்பளத்தில் வாழும் ஊருக்கு, தன் நாணயத்தின் வெளிமதிப்பு மழையைப்போல முக்கியமானது.

குடாநாட்டுக்குள் பணத்தின் விலையைத் தீர்மானித்தது வங்கி மட்டுமல்ல. ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் 'ஒற்றி' என்ற முறையைப் பதிவு செய்திருக்கிறது. கடன் கொடுத்தவர் வட்டி வாங்குவதில்லை. கடன் தீரும்வரை காணியின் விளைச்சலை அனுபவிப்பார். இதில் வட்டி விளைச்சலுக்குள் ஒளிந்திருக்கிறது. நகையை அடைவு வைப்பது, சீட்டுக் கட்டுவது, ஒற்றி எழுதுவது ஆகிய மூன்றும் கொழும்பில் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் தம் போக்கில் நடந்துவந்தன. நாணயக் கொள்கை குடாநாட்டை அடையும் வழிகளை ஆராய்பவர் இதை மறக்கலாகாது.

நாணயச் சபை முறைக்குப் பெரிய குறையும் இருந்தது. தேயிலை, இறப்பர் விலை உலகச் சந்தையில் விழுந்தால் உள்நாட்டில் பணமும் சுருங்கும். நெருக்கடியைத் தணிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. 1934 இன் வங்கி ஆணைக்குழுவின் வழியாக 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. சுதந்திரத்துக்குப் பின் மத்திய வங்கியே தேவை என்ற முடிவுக்கு நாடு வந்தது.

3. 1950: சொல்லவும் எண்ணவும் பிறந்த வங்கி

அமெரிக்காவின் பெடரல் ரிசேர்விலிருந்து வந்த ஜோன் எக்ஸ்ரர் 1949 நவம்பரில் தம் அறிக்கையை வெளியிட்டார். 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின் கீழ் 1950 ஓகஸ்ட் 28 அன்று மத்திய வங்கி இயங்கத் தொடங்கியது. எக்ஸ்ரரே முதல் ஆளுநர்.

அக்கால உலகில் மத்திய வங்கிகள் மௌனத்தையே பெருமையாகக் கொண்டிருந்தன. இரு உலகப் போர்களுக்கு இடையே இங்கிலாந்து வங்கியை நடத்திய மொன்ரேகு நோர்மன், விளக்கம் கொடுக்காதிருப்பதை ஒரு கோட்பாடாகவே வைத்திருந்தார். அந்தப் பின்னணியில் இலங்கைச் சட்டம் கவனத்துக்குரியது. ஆண்டு முடிந்து நான்கு மாதங்களுக்குள் பொருளாதார நிலையையும் தான் எடுத்த நடவடிக்கைகளையும் விளக்கும் ஆண்டறிக்கையை வங்கி வெளியிடவேண்டும் என்று அது விதித்தது. ஏப்ரல் இறுதியில் வரும் அந்த அறிக்கை, மும்மொழிகளிலும், ஆய்வாளருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் அடிப்படை நூலாயிற்று. வங்கியின் தமிழ்ச் சஞ்சிகையான 'குறிப்பேடு' அந்த அறிவை உயர்தர வகுப்பு வரை கொண்டு சென்றது.

எண்ணும் பணியும் விரைவிலேயே தொடங்கியது. 1953 இல் மத்திய வங்கி முதலாவது நுகர்வோர் நிதி அளவீட்டை நடத்தியது. குடும்பங்களின் வருமானம், செலவு, சேமிப்பு, கடன் ஆகியவற்றை வீடுவீடாகக் கேட்டு எழுதிய முயற்சி அது. 1963, 1973, 1978/79, 1981/82 என்று அது தொடர்ந்தது. நாட்டின் எந்த மூலையில் பணம் எப்படிப் புரள்கிறது என்பதை வங்கி தன் கண்ணால் பார்த்த காலம் என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் அமைப்புக்குள் ஒரு பலவீனம் இருந்தது. திறைசேரியின் செயலாளர், மத்திய வங்கியை ஆளும் குழுவான நாணயச் சபையில் உறுப்பினராக இருந்தார். செலவு செய்பவரின் ஆள், பணம் வெளியிடுபவரின் மேசையில் அமர்ந்திருந்தார். அரசாங்கம் விற்கும் உண்டியல்களை வங்கி நேரடியாக வாங்கவும் வழி இருந்தது. இந்த இரண்டும் எழுபது ஆண்டுகள் நீடித்தன.

4. மிளகாயும் வெங்காயமும்: 1967–1980

1967 நவம்பரில் ரூபாவின் மதிப்பு 20 சதவீதம் குறைக்கப்பட்டது; டொலர் 4.76 ரூபாவிலிருந்து 5.95 ஆயிற்று. அடுத்த ஆண்டு, அத்தியாவசியப் பொருட்களுக்கு ஒரு வீதமும் ஏனையவற்றுக்கு உயர்ந்த வீதமுமாக இரட்டை நாணயமாற்று முறை வந்தது. 1970 இல் நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக்கினார். அத்தகைய நடவடிக்கைக்கு முன்னறிவிப்பின்மையே உயிர். எல்லா இரகசியமும் தவறல்ல என்பதற்கு அது ஓர் உதாரணம்.

அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு முற்றியபோது செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. கொழும்பில் கியூவரிசை நீண்ட அதே ஆண்டுகளில் வலிகாமத்துச் செம்மண்ணில் பணம் விளைந்தது. உரும்பிராயிலும் கோப்பாயிலும் சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் கிணறுதோறும் இறங்கின. படித்த இளைஞரும் தோட்டத்துக்குத் திரும்பினர்.

1977 இல் ஆட்சி மாறியது. நவம்பரில் இரட்டை வீதம் நீங்கி, டொலர் ஏறத்தாழ 16 ரூபாவில் ஒரே வீதமாக்கப்பட்டது. இறக்குமதிக் கதவும் திறந்தது. பாடநூலின்படி நாணய மதிப்பிறக்கம் உள்நாட்டு உற்பத்தியாளரைக் காக்கவேண்டும். குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு நேர்ந்தது வேறு. மண்ணெண்ணெயும் உரமும் கிருமிநாசினியும் விலை ஏறின. வந்திறங்கிய மிளகாயும் வெங்காயமும் அவரது விளைபொருளின் விலையை இறக்கின. ஒரே கொள்கைப் பொதியின் ஒரு கை செலவைக் கூட்டியது. மறு கை வருமானத்தைக் குறைத்தது. 1980 இல் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 26.1 சதவீதம் உயர்ந்தது. முதலீடும் வேலைவாய்ப்பும் பெருகிய நாட்டின் ஏனைய பகுதிகளில் கிடைத்த ஈடு வடக்குக்குப் பெரிதாகக் கிடைக்கவில்லை. இளைஞரின் மனக்கசப்பில் இதற்கும் பங்குண்டு என்று ஆய்வாளர் பலர் எழுதியிருக்கின்றனர்.

5. கணக்கில் இல்லாத மாகாணம்: 1983–2009

போர் தொடங்கியபின் குடாநாடு விலைகளால் தனி நாடாயிற்று. 1990 இல் சண்டை மீண்டும் மூண்டபோது எரிபொருள், சீமெந்து, மின்கலம் உட்பட நீண்ட பட்டியலொன்று தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் கொழும்பு விலையின் பல மடங்குக்கு விற்றது. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தனர். 1994 இல் விடுதலைப் புலிகள் 'தமிழீழ வைப்பகம்' தொடங்கினர். ஆனால் தனி நாணயம் வெளியாகவில்லை. இருபுறமும் புழங்கியது மத்திய வங்கியின் ரூபாவே. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கிக் கட்டடத்தின் மீது புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் 90 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். நாட்டின் நாணய அமைப்பின் வரலாற்றில் அதைவிடத் துயரமான நாள் இல்லை. 2006 ஓகஸ்டில், தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டபின் குடாநாட்டின் விலைகள் மறுபடியும் தனித்தன.

இந்த விலைகள் எந்தச் சுட்டெண்ணிலும் ஏறவில்லை. 1986/87 இலும் 1996/97 இலும் நடந்த நுகர்வோர் நிதி அளவீடுகள் வடக்கு, கிழக்கு மாகாணங்களை விட்டுவிட்டே நடந்தன. சண்டைக்கு நடுவே வீடுவீடாகப் போவது இயலாத காரியம். அதைக் குற்றமாகக் கொள்ளமுடியாது. 2003/04 அளவீடு சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்த்தது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மன்னாரும் அப்போதும் வெளியே நின்றன. எனினும் விளைவைச் சொல்லியாகவேண்டும். சுமார் இரு தசாப்தங்களாக நாட்டின் பணவீக்கம் என்று பேசப்பட்ட எண்ணில், மிக உயர்ந்த விலை கொடுத்த மக்கள் இல்லை.

அந்தச் சுட்டெண்ணே எந்த ஊருக்குரியது என்பதும் முக்கியம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 1952 ஐ அடிப்படையாகக் கொண்டது. கொழும்புத் தொழிலாளர் குடும்பங்கள் 1949/50 இல் என்ன வாங்கின என்பதே அதன் கூடை. அந்தக் கூடை 2007 வரை பயன்பட்டது.

6. உலகம் பேசத் தொடங்கியது

இதே காலத்தில் மற்ற நாடுகளின் மத்திய வங்கிகள் மௌனத்தைக் கைவிட்டன. நியூசிலாந்து 1989 இல் சட்டமியற்றிப் பணவீக்கத்துக்கு எண்ணால் இலக்கு வைத்தது. அமெரிக்கப் பெடரல் ரிசேர்வ் 1994 பெப்ரவரியில்தான் தன் வட்டி முடிவை அன்றன்றே அறிவிக்கத் தொடங்கியது. 1997 இல் இங்கிலாந்து வங்கிக்கு வட்டியைத் தீர்மானிக்கும் சுதந்திரமும் கூட்டக் குறிப்புகளை வெளியிடும் கடமையும் சேர்ந்தே வந்தன. இந்தியா 2016 இல் நாணயக் கொள்கைக் குழுவை அமைத்து 4 சதவீத இலக்கை ஏற்றது.

இதன் தர்க்கம் எளியது. மத்திய வங்கி நேரடியாக மாற்றுவது ஓரிரவு வட்டியை மட்டுமே. தோட்டக்காரரின் கடன் வட்டியும் கடைக்காரர் நாளைக்கு வைக்கும் விலையும், இனி என்ன நடக்கும் என்று அவர்கள் நம்புவதைப் பொறுத்தவை. சொன்னதைச் செய்யும் வங்கி சிறிய வட்டி மாற்றத்தாலேயே பெரிய விளைவைப் பெறும். நம்பிக்கை இழந்த வங்கி அதே விளைவுக்கு மிகப் பெரிய வட்டியை ஏற்றவேண்டிவரும். அந்த வட்டியைக் கட்டுபவர் கடனாளி.

இலங்கையும் அந்தத் திசையில் நகர்ந்தது. 2001 ஜனவரியில் ரூபா மிதக்கவிடப்பட்டது. நாணய விதிச் சட்டத்தின் 2002 திருத்தம் வங்கியின் குறிக்கோள்களை இரண்டாகச் சுருக்கியது. 2007 முதல் ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் கொள்கை வழிகாட்டி வெளிவந்தது. 2015 இல் எல்லா மாகாணங்களையும் உள்ளடக்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடத் தொடங்கியது. 2016 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஆனால் 2015 பெப்ரவரி 27 அன்று நடந்த, அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரமான திறைசேரி முறியின் விற்பனை, ஒளிவுமறைவு எவ்வளவு விலையுயர்ந்தது என்பதைக் காட்டியது. 1 பில்லியன் ரூபாவுக்கு அழைக்கப்பட்ட ஏலத்தில் 10 பில்லியன் ஏற்கப்பட்டது. அந்தச் சர்ச்சை ஆணைக்குழு விசாரணை வரை போனது.

7. இரண்டு உண்டியலும் சந்தித்தபோது: 2020–2022

2020 ஜூலையில், கொள்கை வட்டிகளில் ஒன்றான துணைநில் வைப்பு வசதி வீதம் 4.5 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. வரி வருமானம் சரிந்த அரசாங்கத்துக்குப் பணம் கொடுக்க மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கியது. 2019 இறுதியில் வங்கியிடம் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவாக இருந்த அரச பிணையங்கள் 2022 இறுதியில் 2.5 திரில்லியனைத் தாண்டின. அதற்கிடையில் டொலர் 200 ரூபாவைச் சுற்றியே நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த வீதத்தை யாழ்ப்பாணம் நம்பவில்லை. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் வங்கிக்குப் பதில் உண்டியலைத் தேர்ந்தனர்; அங்கே டொலருக்குக் கூடுதல் ரூபா கிடைத்தது. 2021 டிசம்பரில் மத்திய வங்கி ஒரு டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை கொடுக்கவேண்டி வந்தது. அறிவித்த வீதம் உண்மையான வீதம் அல்ல என்பதற்கு அதுவே சான்று. நாட்டுக்கு வங்கிவழி வந்த தொழிலாளர் பணவனுப்பல்கள் 2020 இல் சுமார் 7.1 பில்லியன் டொலர். 2021 இல் 5.5, 2022 இல் 3.8. இந்த வீழ்ச்சியைத் தேசப்பற்றின்மை என்று பேசியவர்கள் இருந்தனர். தாய்க்கு அனுப்பும் பணத்துக்கு நியாயமான விலை தேடுவது தேசத்துரோகமாகாது. உண்மையை மறைத்த விலைக்கு மக்கள் கொடுத்த தீர்ப்பு அது.

2022 மார்ச் 7 அன்று ரூபா தளர்த்தப்பட்டது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரல் 8 அன்று கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றப்பட்டு, கடன்வழங்கல் வீதம் 14.5 ஆனது. ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9. ஓராண்டுக்கு முன் 100 ரூபா கையில் வைத்திருந்தவரிடம் அப்போது இருந்தது ஏறக்குறைய 59 ரூபாவின் வாங்கும் வலு.

குடாநாட்டில் இந்தச் சுமை சமமாக விழவில்லை. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டில் 100 டொலர் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ஆயிற்று. வராத வீடு முழு விலையேற்றத்தையும் தன் கூலியிலிருந்தே தாங்கியது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனபோது குருநகர் முதல் பருத்தித்துறை வரை சிறுபடகு மீனவரின் நாள் கணக்கே மாறியது. தோட்டத்து நீரிறைப்பும் அப்படியே. திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. வங்கிக் கதவு அடைபட்டோர் நகையை அடைவு வைத்தனர். அதுவும் முடிந்தோர், நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்குக் கடன் கொடுப்போரிடம் போனார்கள். பின்னர் கொள்கை வட்டி இறங்கியது. அடைவில் மூழ்கிப்போன நகை திரும்பி வரவில்லை.

8. 2023 சட்டமும் அதன் அளவுகோலும்

2023 செப்டெம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், 1949 இன் பலவீனங்கள் பலவற்றைத் திருத்தியது. உள்நாட்டு விலை உறுதிப்பாடே முதன்மைக் குறிக்கோள். திறைசேரிச் செயலாளர் சபையில் இல்லை. அரசாங்கப் பிணையங்களை முதல் விற்பனையில் வாங்க வங்கிக்குத் தடை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாணயக் கொள்கை அறிக்கை வரவேண்டும். பணவீக்க இலக்கு 5 சதவீதம். இரண்டு புள்ளி கூடவோ குறையவோ இடமுண்டு. அடுத்தடுத்த இரு காலாண்டுகள் அந்த எல்லை தவறினால் காரணத்தை நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

அந்தக் கடமை விரைவிலேயே சோதிக்கப்பட்டது. 2024 இன் இரண்டாம், மூன்றாம் காலாண்டுகளில் பணவீக்கம் கீழெல்லைக்கும் கீழே போனது. விளக்க அறிக்கை நாடாளுமன்றத்துக்குச் சென்றது. அதற்கு முன், 2023 நவம்பர் 14 அன்று, நெருக்கடிக்குக் காரணமான முடிவுகளால் முன்னாள் ஆட்சியாளரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் மக்களின் நம்பிக்கையை மீறினர் என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. சொல்லும் பாதி இன்று சட்டத்திலும் நீதிமன்றத்திலும் உறுதிபெற்றிருக்கிறது. 1950 உடன் ஒப்பிடுகையில் இது பெரிய சாதனை.

எண்ணும் பாதிக்கு வருவோம். இலக்கை அளக்கும் கோல் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். அது கொழும்பு மாவட்ட நகரப்புறக் குடும்பங்களின் செலவை அளப்பது. 2022 இல் நடைமுறையில் இருந்த 2013 அடிப்படையில் அதன் கூடையில் உணவுக்கு 28 சதவீதம் இருந்தது. தேசியச் சுட்டெண்ணின் கூடையிலோ 44. வறிய குடும்பம் அதிகமாகச் செலவழிப்பது உணவுக்கு. 2022 செப்டெம்பரில் தேசியச் சுட்டெண்படி பணவீக்கம் 73.7 சதவீதம், கொழும்புக் கணக்கைவிட ஏறத்தாழ நான்கு புள்ளி கூட. நெருக்கடி கூடும்போது இரு கோல்களுக்கும் இடையிலான தூரமும் கூடலாம் என்பதை அந்த மாதம் காட்டியது. விரைவாகக் கிடைப்பதும் நீண்ட தொடராக இருப்பதும் கொழும்புச் சுட்டெண்ணின் நன்மைகள். அந்தக் காரணத்தை ஏற்கலாம். ஆனால் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

9. முடிவு

நூற்று நாற்பது ஆண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது: நாணயக் கொள்கை குடாநாட்டை முதலில் தொடுவது நாணயமாற்று வழியாக. வெளிநாட்டுப் பணமும் இறக்குமதி எரிபொருளும் நிர்ணயிக்கும் பொருளாதாரம் இது. எனவே நாணயமாற்று வீதம் பற்றிய பொய் இங்கே மிக விரைவில் வெளிப்படும். இரண்டாவது: வட்டி வழி இங்கே கோணலானது. கொள்கை வட்டி ஏறும்போது, முன்னைய காலம் போலன்றி, இன்று அடைவு வட்டியும் லீசிங் வட்டியும் உடனே ஏறும். இறங்கும்போது மீற்றர் வட்டி இறங்காது. மூன்றாவது: போர்க்காலத்தில் கணக்கிலிருந்து விடுபட்ட பிரதேசம், கணக்குத் திரும்பியபின்னும் இலக்கின் கோலுக்கு வெளியே நிற்கிறது.

இவற்றுக்குப் பரிகாரம் கடினமானதல்ல. இலக்குத் தவறியதற்கான விளக்க அறிக்கையில் தேசியச் சுட்டெண்ணையும் அருகே வைத்துக் காட்டலாம். அடைவு, லீசிங், நுண்கடன் ஆகியவற்றின் வட்டி மாவட்டவாரியாக எப்படி மாறியது என்பதை ஆறுமாத அறிக்கையில் சேர்க்கலாம். 1953 இல் தொடங்கிய நுகர்வோர் நிதி அளவீட்டை இருபத்தைந்து மாவட்டங்களிலும் மீண்டும் முழுமையாக நடத்தலாம். கொள்கை முடிவை அறிவிக்கும் நாளிலேயே யாழ்ப்பாணத்திலும் தமிழில் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம்.

கேட்கும் பொறுப்பு நமக்கும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தக் குடிமகனுக்கும் மத்திய வங்கியிடம் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களும் மீனவர் சமாசங்களும் பல்கலைக்கழகத்தின் பொருளியல் மாணவர்களும் அந்த உரிமையைத் தமிழில் எழுதிப் பயன்படுத்தவேண்டும். நம் வீட்டுச் செலவு எந்தக் கோலால் அளக்கப்படுகிறது என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும்.